கழுவின ஊசி

புதையல் தேடுவோர் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆல்வின் முதலில் சொல்லும் பாடம் ஒன்றுதான்: "கிடைச்சதைக் கழுவாதீங்க. மண்ணோட குடுங்க." உலோகம் தேடும் கருவியோடு இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வயல்களில் இருபது வருஷம் நடந்தவர். ரிட்டயரான தபால்காரர், சங்கத்தின் செயலாளர். ஊருக்கு உபதேசம் செய்தவர் வீட்டில் என்ன செய்தார் என்பது அவருக்கும் மனைவி டோரீனுக்கும்தான் தெரியும்.

மார்ச்சில், பார்லி விதைக்குமுன் ஒரு வயலில் கருவி கத்தியது. முழ ஆழத்தில், தோளில் சால்வையைக் குத்திக்கொள்ளும் உள்ளங்கை அகல வெள்ளி ஊசி, ஆயிரத்து நூறு வருஷப் பழசு. பின்பக்கம் கறுப்பாக, நூல் நூலாக ஏதோ ஒட்டியிருந்தது. அடியில் இன்னும் கிடக்கிறது என்றது கருவி. தோண்டுவதை நிறுத்தித் தொல்லியல் அதிகாரிக்குப் போன் செய்தார். அதுவரை சரிதான். ஆனால் டோரீனிடம் பளபளவென்று காட்ட வேண்டும் என்று ஓர் அற்ப ஆசை. சமையலறைக் குழாயடி, பழைய பல் பிரஷ், இரண்டே நிமிஷம்; கறுப்பெல்லாம் போய்விட்டது.

மறுநாள் அதிகாரி ஃபிலிப்பா கேட்டாள். "இதுல ஏதாவது ஒட்டியிருந்துச்சா?"

"ஒண்ணுமில்லையே. இப்படியேதான் கிடந்துச்சு." பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

அக்டோபரில், ஊர் மண்டபத்தில், டீயும் பிஸ்கட்டுமாக நாற்பது பேர் முன்னால் ஃபிலிப்பா திரையைக் காட்டிப் பேசினாள். "அதே குழியில நாங்க தோண்டி எடுத்த மத்த பதினாலு நகையையும் துணியில சுத்திப் பத்திரமா புதைச்சிருக்காங்க. இது ஒண்ணுக்குத்தான் துணி இல்ல. குழிய மூடப்போற நேரத்துல, யாரோ ஒரு பொண்ணு தோள்லேருந்து கழட்டிப் போட்டிருக்கணும்."

முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். நண்பன் ரெக் விலாவில் இடித்தான். "உன் ஊசி எங்கள அழ வைக்குதேய்யா!"

ஆல்வின் கூனிக் குறுகிப் போனார். அப்படி ஒரு பெண் இருந்ததே இல்லை. அவர் வீட்டுக் குழாயடியில் பிறந்தவள் அவள். அடுத்த மாதம் அருங்காட்சியகத்தின் விளக்கப் பலகையிலும் ஏறிவிடுவாள். டோரீன் அவர் பக்கம் திரும்பாமல் கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள்.

எழுந்தார்.

"மேடம், அந்தப் பொண்ண எடுத்துடுங்க."

"எந்தப் பொண்ண?"

"துணி இருந்துச்சு. நான்தான் கழுவிட்டேன். பல் பிரஷால."

ரெக் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டான். பின்வரிசையில், போன வாரம் சேர்ந்த ஒருவர், குத்தலே இல்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"கழுவக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"ஆமா," என்றார் ஆல்வின். "நான்தான் சொன்னேன்."