ஷிப்டுக்கு ஒரு கரண்டி

அந்தச் சித்திரையில் ராஜபாளையத்துக் காக்கைகள் பறக்கவில்லை, நடந்து போயின. றெக்கையைத் தூக்கினால் வெயில் சுட்டுவிடுமே! சுதந்திரம் கிடைத்த மறுவருஷம் அது.

சண்டைக் காலத்தில் நான் பட்டாளத்துக் குளிர்ப்பெட்டி லாரிகளுக்கு மெக்கானிக். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஷெட்டில் வேலை. மூன்று நாளாக ஒரு பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, முதுகு எது தரை எது என்று தெரியாமல் எழுந்து, வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று கை கழுவிக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்து மில் முதலாளியின் ஆள் வந்து நின்றான். முதலாளி காரில் குளிர் வரவில்லையாம், உடனே வரவேண்டுமாம்.

கப்பலேறி ஊருக்குப் போன ஒரு துரையிடம் முதலாளி வாங்கிய அமெரிக்கக் கார் அது. பின் டிக்கி முழுக்கக் குளிர்ப்பெட்டி. ஒரு பை வைக்க இடம் கிடையாது. முன்னால் என்ஜினோடு பெல்ட் போட்டுச் சுற்றும் கம்ப்ரசர்தான் அந்தப் பெட்டிக்கு உயிர். காரின் நீளத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முன் சக்கரம் மில் கேட்டுக்குள் நுழைந்தபோது பின் சக்கரம் தென்காசி ரோட்டில் நின்றதாம்.

மில் ஷெட்டில் காரைக் காவல் காத்தபடி பேச்சிமுத்து நின்றான். மில்லில் நூல் சுற்றும் ஸ்பிண்டில்களுக்கு எண்ணெய் விடுகிறவன். ஆள் நின்றுகொண்டே தூங்கினான். பேச்சு வரும்போது மட்டும் ஒரு கண்ணைத் திறந்தான்.

"வாங்க அண்ணாச்சி. சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல கல்யாணம். சம்பந்தக்காரவியள இதுல ஏத்திட்டுப் போகணும். குளிர் வரலைன்னா, எண்ணெய் பாக்கிறவன் கேட்டுக்கு வெளியன்னுட்டாவ மொதலாளி."

"எண்ணெய் நீயா பாக்க?"

"வண்டி வந்த நாளையிலேருந்து நாந்தான். மெட்ராசுலேருந்து ஓட்டிட்டு வந்தவரு ஒருக்கா செஞ்சு காட்டுனாரு. ரெண்டு வால்வை மூடு, மூடியைத் தொற, பாரு, ஊத்துன்னாரு. ஷிப்டு மாறுத நேரம் எனக்கு அரை மணி ரெஸ்டு. அதுலதான் ஓடியாந்து ஊத்துவேன். ஷிப்டுக்கு ஒரு கரண்டி. ஒரு நா தவறல."

"ஷிப்டுக்கா?"

"டொக்கு டொக்குன்னு சத்தம் போட்டா ரெண்டு."

நான் காரின் மட்கார்டில் உட்கார்ந்துவிட்டேன். சூட்டில் உடனே எழுந்தும்விட்டேன்.

அவன் மேல் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. மில்லில் ஸ்பிண்டில் எண்ணெயைத் தின்னும். மணிக்கொரு தரம் ஊட்ட வேண்டும். சத்தம் போட்டால் தாகம் என்று அர்த்தம். பத்து வருஷமாக அவன் கண்ட மிஷின் அம்புட்டும் அப்படித்தான். கம்ப்ரசரோ மூடிய பானை. உள்ளே இருக்கும் எண்ணெய், குளிர் தரும் காஸோடு ஒரு சுற்று போய்த் திரும்பி வந்துவிடும். எப்போதாவது அளவு பார்த்தால் போதும். அவனோ ஊற்றியிருக்கிறான், அளவு பார்த்ததில்லை. அது மூச்சு முட்டி டொக்கு டொக்கென்று அழ, பாவம் என்று இன்னும் ஊற்றியிருக்கிறான்.

என்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டேன். நிறுத்தி இரண்டு வால்வையும் சாவியால் மூடினேன். மூடியை மெதுவாகத் தளர்த்தி, உள்ளே மிச்சமிருந்த காஸ் சீறி அடங்கும்வரை காத்திருந்தேன். துடைத்த கம்பியை விட்டு அளவு பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எண்ணெய் தானாகவே எட்டிப் பார்த்தது. இரண்டு விரற்கடை நிற்க வேண்டிய இடத்தில் கழுத்துவரை நின்றது. அளவுக்கு வரும்வரை வாளியில் வடித்தேன். இரண்டு படி இருக்கும். மூன்று என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகமாட்டேன்.

பேச்சிமுத்து இரண்டு கண்ணையும் திறந்துவிட்டான். "ஏன் அண்ணாச்சி எடுக்கிய? ஊத்தல்ல செய்யணும்?"

சொன்னேன். கேட்டுவிட்டு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தான்.

"மொதலாளி கேட்டா தூசி அடைச்சிருந்துதுன்னு சொல்லுதேன். நீ வாயைத் தொறக்காத" என்றேன்.

மூடியைப் போட்டு, காற்றை வெளியேற்றி, வால்வுகளைத் திறந்து ஓடவிட்டேன். முதலில் இருமியது. பிறகு வந்தது பாருங்கள் குளிர்! ஷெட்டுக்குள் வந்த நாய் ஒன்று கம்பளி தேடி ஓடியது. பட்டு வேட்டியோடு வந்த முதலாளி பின் கதவைத் திறந்து தலையை நீட்டினார். வெளியே எடுக்க மனசு வராமல் அப்படியே நின்றார். எடுத்தபோது மீசை விறைத்திருந்தது.

வாளி கண்ணில் பட்டது. "ஏமிரா இதி?" என்னடா இது என்று வீட்டுத் தெலுங்கில் கேட்டார்.

"தூசிங்க..." என்று ஆரம்பித்தேன்.

"இல்ல மொதலாளி" என்று பேச்சிமுத்து எழுந்தான். "எண்ணெய். நாந்தான் கூடுதலா ஊத்திக் கெடுத்துட்டேன். அண்ணாச்சி பொய் சொல்லுதாவ. அந்தப் பொய்யை நாளைக்கும் ஞாபகம் வச்சுக்கிட எனக்குத் தெம்பு இல்ல."

முதலாளி வாளியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"இம்புட்டும் நீ ஊத்துனதா?"

"ஷிப்டுக்கு ஒரு கரண்டி, மொதலாளி."

"என் மில்லுல எண்ணெய் ஊத்தாமலே ஊத்திட்டேன்னு சொல்றவனை நிறையப் பாத்திருக்கேன்" என்றார் அவர் மெதுவாக. "ஊத்தி ஊத்தியே ஒரு மிஷினை முழுகடிச்சவனை இப்பத்தான் பாக்கிறேன். ஸ்பிண்டிலோட நில்லு. இனிமே இந்த வண்டியைத் தொடாதே. மாசத்துக்கு ஒரு தடவை சத்தியநேசன் வந்து அளவு பாக்கட்டும்."

சத்தியநேசன் நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

பேச்சிமுத்து தயங்கினான். "அப்போ ஷிப்டு மாறுத நேரம் செத்த நேரம் படுத்துக்கிடலாமா மொதலாளி?"

"படு. யார் வேண்டாம்னா?"

மூலையில் கிடந்த பஞ்சுச் சாக்கை அங்கேயே விரித்தான். தலை சாக்கில் படுவதற்கு ஒரு சாண் முன்பே குறட்டை கேட்டது.

சம்பந்தக்காரர்கள் ஏறி, கதவடைத்து, குளிரோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டார்கள். என் ஊருக்குத்தான் போகிறார்கள். எனக்குத்தான் இடமில்லை. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"ஏலே, கொஞ்சம் நகருலே" என்றேன்.

அவன் நகரவில்லை. சாக்கின் ஓரத்தை இழுத்துப் போட்டு நானும் படுத்தேன்.