வாடகைக்கு விடாத மூலை

அளவு நாடாவின் ஒரு நுனி என் கையில், மறு நுனி அபூதாஹிர் நானாவின் கையில். வடக்கு மூலைக்குச் சற்று முன்னால் அவர் நின்றுவிட்டார்.

"அங்கால வேணாம் தம்பி. இவ்வளவுதான் அளவு."

நான் காணி, ஸ்டோர் தரகன். வெட்கங்கெட்ட தொழில், உலகத்தில் எங்காவது தீப்பிடித்தால் இங்கே என் போன் அடிக்கும். உக்ரைனில் சண்டை தொடங்கி, நாட்டில் டொலரும் இல்லாமல் போனபோது, கிண்ணியா வீதியிலிருந்த நானாவின் இந்தக் கோதுமை மா ஸ்டோர் காலியாகி வௌவால் குடியேறியது. இப்போது செங்கடலில் கப்பல்களுக்கு அடிக்கிறார்கள். சுற்றி வரும் சரக்கை இறக்கிவைக்க இடம் தேடிக் கொழும்புக் கம்பனிகள் திருகோணமலைக்கு ஓடி வருகின்றன. அப்படி வந்தவர்தான் வாசலில் நின்ற தயாளினி.

"சுவரோட சுவர் சரக்கு அடுக்குற ராக் அடிக்க வேணும் ஐயா. மூலையை விட ஏலாது."

அந்த மூலையில் மட்டும் வௌவால் எச்சம் இல்லை. ஓர் ஆள் நீள இடைவெளியில் இரண்டு கட்டைகள் கிடந்தன. கபுறின், அதாவது புதைகுழியின், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுகிற மீசான் கட்டைகள். சீமெந்தில் நட முடியாமல் நானா படுக்க வைத்திருந்தார்.

அவருடைய மனைவி நஜ்முன் நிஸா அங்கே உட்கார்ந்துதான் கிழிந்த சாக்குகளைத் தைப்பாராம். கொரோனாவில் போனவர். அப்போது அரசாங்கம் அடக்கம் செய்ய விடவில்லை, எரித்துவிட்டார்கள். கபுறு இல்லாத மனுஷிக்கு இவர் வெள்ளிதோறும் இங்கே வந்து குர்ஆனின் யாசீன் ஓதுகிறார்.

"மழை நாளில ஊசி சாக்கில ஏறுற சத்தம் கேக்கும் தம்பி."

"வௌவாலா இருக்கும் நானா," என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

இந்த வாடகை தவறினால் கடன் கொடுத்த வங்கி ஸ்டோரையே எடுத்துக்கொள்ளும், மூலையும் சேர்த்து. அது மூவருக்கும் தெரியும். தயாளினி வெளியே போய்க் கொழும்புக்குக் கதைத்துவிட்டு வந்தார். நானாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டுப் பாத்தன் ஐயா. ஓம் எண்டு சொல்ல மாட்டினமாம்."

நானா மூலைக்குப் போய்க் குனிந்து இரண்டு கட்டைகளையும் எடுத்தார்.

"சரி மகள்," என்றார். பிறகு என்னிடம், "அவவ ஒருத்தரும் தூக்கல்ல தம்பி. ஒரு பக்கம் பிடிக்கிறீங்களா?"

நீளப் பலகையொன்றில் கட்டைகளை வைத்து வெள்ளைத் துணி போர்த்தினார். அவர் முன்னால், நான் பின்னால். தயாளினி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் ஒதுங்கி நின்றார். ஊரார் அடக்கமாகும் மையவாடியை நோக்கி நடந்தோம். இரண்டு மரத்துண்டின் பாரம் அல்ல அது. தோள் உண்மையிலேயே வலித்தது. பயமாகவும் இருந்தது.

ஜனாஸா ஊர்வலம் போனால் வழியில் நிற்பவர்கள் வந்து கொஞ்சத் தூரம் தோள் கொடுப்பது அங்கே வழக்கம். சந்தியில் மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் ஓடி வந்தார். துணிக்குக் கீழே உடம்பு இல்லை என்பதை அவர் கண்டிருப்பார். ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, என்னை மெல்ல விலக்கித் தன் தோளைக் கொடுத்தார். பின்னால் இன்னொரு சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது.