போடிக்குப் போன மாப்பிள்ளைகள்

கோடை வந்தால் மற்ற ஊர்களில் கிணறு வற்றும். எங்கள் அல்லிநகரத்துப் பந்தாட்டக் கிளப்பில் ஆள் வற்றும். சித்திரைத் திருவிழா முடிந்து வைகாசி முகூர்த்தம் தொடங்க வேண்டியதுதான், போடியிலிருந்து தாம்பூலத் தட்டோடு ஒரு கூட்டம் ரயிலேறி வந்து இறங்கிவிடும். பையன் என்ன படித்திருக்கிறான், எத்தனை குழி நிலம் என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். எந்தக் காலால் உதைப்பான் என்றுதான் கேட்பார்கள்.

எல்லாம் செல்லப்பாண்டி முதலாளியின் வேலை. போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்கக் கிட்டங்கி வைத்திருக்கிற பெரிய புள்ளி. காசை அள்ளி வீசி ஆட்டக்காரனை வாங்க அந்த மனுசனுக்கு முடியாமல் இல்லை. ஆனால் மலை எஸ்டேட் துரை கொடுக்கிற கோப்பைக்கு ஒரு சட்டம் உண்டு. ஆரம்பத்தில் ஒவ்வொரு ஊர்க்காரனும் மதுரைப் போலீஸ் டீமிலிருந்து ஆட்டக்காரனைக் கூட்டிவந்து இறக்கினான். துரை கடுப்பாகி, உள்ளூர்க்காரன் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று பெரியவர்களைக் கேட்டார். ஆட்டம் நடக்கிற மாதத்தில் எவன் எந்த ஊரில் உறவுக்கார வீட்டு உலைச்சோற்றைத் தின்கிறானோ அவன் அந்த ஊர்க்காரன் என்று முடிவாயிற்று. சாப்பாட்டுக் கடைச் சோறு சேராது. சோறு போட்ட வீட்டுக்காரர் ஆட்டப் பொட்டலுக்கு வந்து, வீரபாண்டி கௌமாரி மேல் எரிகிற சூடத்தைக் கையால் அடித்துச் சத்தியம் பண்ண வேண்டும். துரைக்கு இது வேடிக்கையாக இருந்தது. எங்களுக்கு வேடிக்கை இல்லை. பொய்ச் சூடம் அடித்தவன் வீட்டில் விளக்கெரியாது.

அதனால்தான் செல்லப்பாண்டி போடியில் தனக்கு வேண்டியவர்கள் வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொடுத்து ஆள் பிடித்தார். வீட்டோடு மாப்பிள்ளை. மாமியார் வீட்டு உலையும் உலைதானே!

எனக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். நான் சங்கிலியம்மாள். வீட்டுக்காரர் போன பிறகு, பந்தாட்டப் பொட்டலில் மொச்சைச் சுண்டல் விற்று என் மகள் ராஜாத்தியை வளர்த்தவள். முதலில் கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பந்தைப் பார்த்தேன். பிறகு ரெப்ரியை ஏசத் தொடங்கினேன். எங்கள் ஆள்கள் கோல் போட்டால் என் சத்தம் அல்லிநகரத்துக்கே கேட்கும். அன்றைக்குச் சுண்டல் மீந்தாலும் எனக்குக் கவலையில்லை.

அந்த வருஷ வைகாசியில் மூன்று பேரைக் கொத்திக்கொண்டு போனார்கள். கோல்கீப்பர் சின்னக்கருப்பு, பேக் ஆடுகிற ராக்கையா, மூன்றாவது என் அண்ணன் மகன் சுருளிவேல். சின்னக்கருப்பும் ராக்கையாவும் போனதற்கு இரண்டு நாள் வைதேன், விட்டுவிட்டேன். சுருளிவேலை எப்படி விட?

தாயில்லாப் பிள்ளை. என் அண்ணன் வருசநாட்டுப் பக்கம் தோப்புக் காவலுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் கண்டுவிட்டான். இவன் என் உலைச்சோறு தின்று வளர்ந்தவன். அந்த உதைகிற கால் இருக்கிறதே, அது என் கேப்பைக் களியில் உருண்டு திரண்ட கால். ராஜாத்திக்கு அவன்தான் முறை என்று இரண்டும் நடக்கப் பழகும்போதே பேசி வைத்திருந்தோம். அவள் அவனை வாய் நிறைய 'மச்சான்' என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் சித்திரைத் திருவிழாவில்கூட வீரபாண்டியில் அவளுக்கு வளையல் வாங்கிக் கொடுத்தான், பாவி.

வைகாசியில் வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"அத்தை, போடியில பொண்ணு தாறாக. மலையடிவாரத்துல தோப்பு எழுதி வைக்கிறாக. கிட்டங்கியில வேலையும் போட்டுத் தாறாகளாம்."

"ராஜாத்தி?"

"அவளுக்கென்ன அத்தை, நல்ல மாப்பிள்ளையா நானே பார்க்கிறேன். போடி டீம்ல ஆடுனாத்தான் வருசா வருசம் கோப்பை. இங்கன இருந்து நான் என்னத்தைக் கண்டேன்?"

ராஜாத்தி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. வளையலைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்தாள். எனக்குத்தான் வயிறு பற்றி எரிந்தது. 'ஏலே, அந்தக் கோப்பையை உன் கை தொடாது. தொட விட்டால் நான் சங்கிலி இல்லை' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எப்படி என்று மட்டும் தெரியவில்லை. அந்த வழியைச் செல்லப்பாண்டியே காட்டினார்.

வழக்கமாக ஆனியில் நடக்கிற ஆட்டம் அது. கல்யாணங்கள் முடிந்த கையோடு முதலாளி துரையைப் போய்ப் பார்த்து, ஆடியில் வியாபாரம் மந்தம், கல்யாணம் காட்சி இல்லை, பதினெட்டாம் பெருக்குக்கு வீரபாண்டி ஆற்றில் ஊரே கூடும், அன்றைக்கு வைத்தால் பார்க்கக் கூட்டம் தாங்காது என்று சொல்லியிருக்கிறார். துரையும் தலையாட்டிவிட்டார். எங்கள் கிளப் காப்டன் மலைச்சாமி என் வீட்டுக்கு வந்து குதித்தான்.

"ஆடிக் காத்துல எவனாச்சும் பந்து ஆடுவானாக்கா? ஆனியிலயே வைக்கணும்னு துரைகிட்டச் சொல்லப் போறேன்."

"வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ. ஆடியே இருக்கட்டும்."

"ஏங்க்கா?"

"ஏலே, புதுசாக் கல்யாணம் ஆனவன் ஆடியில எங்கன இருப்பான்?"

மலைச்சாமி திறந்த வாயை மூடவில்லை. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். ஏலக்காய்க்கு எந்த மாதம் என்ன விலை என்று தெரிந்த முதலாளிக்கு, ஆடியில் புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு கூரைக்கடியில் விடமாட்டார்கள் என்பது நினைவில்லாமல் போயிற்று. பொம்பளை விஷயம்தானே என்று நினைத்திருப்பார். ஊரெல்லாம் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் பெண் ஏற்கெனவே தாய்வீட்டில்தானே இருக்கிறாள்? மாப்பிள்ளைதான் மூட்டையைக் கட்ட வேண்டும்.

ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. ஆனி கடைசியில் போடிச் சந்தைக்கு மொச்சை வாங்கப் போகிற சாக்கில், சுருளிவேலின் மாமியார் பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் அத்தை வந்திருக்கிறாள் என்று மோர் கொடுத்து உட்கார வைத்தாள்.

"ஆடி பொறக்கப் போகுதே மதினி, மாப்பிள்ளையை எங்கன வைக்கப் போறீக?"

"கிட்டங்கியில படுத்துக்கிறட்டும், சோறு மட்டும் இங்கன வந்து தின்னுட்டுப் போகட்டும்னு முதலாளி சொன்னாக."

"கிட்டங்கி எங்கன இருக்கு?"

"இந்தா, பின்தெருவுலதான்."

நான் மோரை வைத்துவிட்டுச் சிரித்தேன். "அது சரி. நடுவுல பதினோரு பேரு நின்னாலே தாண்டிப் போறவன் எங்க சுருளி. உங்க கொல்லைச் சுவரு அவனுக்கு எம்மாத்திரம்? பொறகு சித்திரையில பிள்ளை பொறந்து நிக்கும். 'சித்திரை அப்பன் தெருவிலே'ன்னு சும்மாவா சொல்லி வச்சாக? உங்க குடும்பம், உங்க பாடு. எனக்கென்ன மதினி."

அவள் முகம் செத்துவிட்டது. அது போதும் எனக்கு. போகிற வழியில் சின்னக்கருப்பு, ராக்கையா மாமியார்கள் வீட்டு வாசலிலும் நின்று இதையே சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினேன்.

ஆடி பிறக்கும் முன்பே தலை ஆடி விருந்தைப் போட்டு, வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, 'ஆவணியில வாங்க மாப்பிள்ளை' என்று மூன்று பேரையும் அனுப்பிவிட்டார்கள். செல்லப்பாண்டி நேரில் போய்க் கத்தினாராம். பாண்டியம்மாள், "கோப்பை உங்க வீட்டுக்கு, பழி எங்க வீட்டுக்கா முதலாளி?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டாளாம். இதைக் கேட்ட அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன்.

மறுநாள் சுருளிவேல் புது வேட்டியும் பம்பு ஷூவுமாக என் வாசலில் நின்றான். சின்னக்கருப்பையும் ராக்கையாவையும் அவர்கள் பெற்ற தாய்மார் திட்டிக்கொண்டே சோறு போட்டு உள்ளே விட்டுவிட்டார்கள். இவனுக்கு என் வீட்டை விட்டால் வேறு உலை ஏது?

"அத்தை, பசிக்குது."

"வாங்க மாப்பிள்ளை. யாரைத் தேடி வந்தீக? வழி தெரியாம வந்துட்டீகளோ?"

"அப்படிப் பேசாதீக அத்தை. ஒரு வாய் சோறு போட்டீகன்னா நம்ம ஊருக்கே ஆடுவேன். கோப்பை நமக்குத்தான்."

"எங்க வீட்டுல அடுப்பு அணைஞ்சு ரொம்ப நாளாச்சு" என்றேன். உள்ளே குழம்பு கொதிக்கிற வாசம் தெருவுக்கே வந்துகொண்டிருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு பஜாரில் சாப்பாட்டுக் கடைக்குப் போனான். ராத்திரி கிளப் கொட்டகையில் படுத்தான். தினமும் வந்து நின்றான், தினமும் விரட்டினேன். அப்பப்பா, அந்த ஆடி மாதம்போல நான் நிம்மதியாகத் தூங்கிய மாதமே இல்லை!

பெருக்குக்கு முந்தின நாள் சாயங்காலம் மலைச்சாமி வந்து என் காலில் விழாத குறை.

"அக்கா, போடிக்காரன்கிட்ட இப்ப ஒண்ணுமில்லை. கிட்டங்கிக் குமாஸ்தாவை பேக்ல நிறுத்தப் போறான். நம்மகிட்டச் சுருளி மட்டும் இருந்தா நாலு கோல் போடலாம். ஒரே ஒரு வேளைச் சோறு போடுங்கக்கா. பொய்யில்லாமச் சூடம் அடிக்கலாம். இத்தனை வருசமா இந்தக் கோப்பைக்காக நீங்க கத்தாத கத்தா?"

அவன் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு கோல்! செல்லப்பாண்டி முகத்தில் நாலு கோல்! அவன் கோப்பையைத் தொட்டால்தான் என்ன, கோப்பை ஊருக்கு வருகிறதே என்று என் புத்தி போயிற்று. உண்மையைச் சொல்கிறேன், தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டுக் குழம்பும் ஊற்றிவிட்டேன். சுருளிவேல் வாசலில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

ராஜாத்தி என் கையிலிருந்து தட்டை வாங்கினாள். வாசலுக்குத்தான் கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். நேரே கொல்லைக்குப் போய்க் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு வந்தாள்.

"கோப்பைக்காக அவரு என்னைய விட்டுட்டுப் போனாரு. அதே கோப்பைக்காக நீயும் விடுறியா ஆத்தா?"

அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். அன்று நாங்களும் பட்டினி கிடந்தோம். என் மேலேயே வந்த கோபத்தில் எனக்குப் பசியும் தெரியவில்லை.

பெருக்கு அன்றைக்கு வீரபாண்டிப் பொட்டலில் எள் போட இடமில்லை. மேல்காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. தட்டில் சூடத்தை ஏற்றுவதற்கே நாலு பேர் துண்டை மறைத்துப் பிடித்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரராக வந்து அடித்துப் போனார்கள். சின்னக்கருப்பின் தாயும் ராக்கையாவின் தாயும் அடித்தபோது செல்லப்பாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சுருளிவேலுக்குச் சோறு போட்டது யாரு?" என்று பெரியவர் கேட்டார்.

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. மலைச்சாமி கையெடுத்துக் கும்பிட்டான். ஜெர்சி போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே சுருளிவேல் நின்றிருந்தான். செல்லப்பாண்டிகூட முன்னால் நகர்ந்து வந்தார்.

நான் தட்டுக்கு முன்னால் போய் நின்றேன். "என் வீட்டு உலையில இந்த ஆடியில அவன் ஒரு பருக்கை தின்னலை. கௌமாரி மேல ஆணை" என்று சொல்லிச் சூடத்தை அடித்தேன். கை சுட்டது. இதமாக இருந்தது.

பெரியவர் சுருளிவேலைப் பார்த்து, "அப்ப நீ எந்த ஊருக்காரன்?" என்று கேட்டார். அவன் போடிக்காரர்களைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். ஜெர்சியைக் கழற்றச் சொன்னார்கள். அந்தப் பொட்டலில் அவனுக்குத் தெரிந்த ஒரே இடம் ராஜாத்தி காவலிருந்த என் சுண்டல் கூடைப் பக்கம்தான். அங்கே வந்து குத்தவைத்து உட்கார்ந்தான். நான் நகரச் சொல்லவில்லை. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆட்டமா அது? காற்றுதான் ஆடியது. முதல் பாதியில் காற்று போடிக்காரர்கள் பக்கம். சின்னக்கருப்பு விழுந்து விழுந்து பிடித்தான். அவனை அன்றைக்கு மன்னித்தேன். இரண்டாம் பாதியில் காற்று எங்களுக்கு வந்தது. ஆனாலும் கோல் விழவில்லை. நேரம் முடிகிற சமயத்தில், பேக்கில் நின்ற கிட்டங்கிக் குமாஸ்தா, முதலாளி பார்க்கிறாரே என்று பந்தை ஓங்கி வானத்துக்கு உதைத்தான். பந்து மேலே போயிற்று, நின்றது, திரும்பியது. அம்மியே பறக்கிற காற்றில் பந்து நிற்குமா? அவன் தலைக்கு மேலேயே வந்து, அவர்கள் கோல்கீப்பரையும் தாண்டி, அவர்கள் கம்பத்துக்குள்ளேயே விழுந்தது.

ஆடியில் வைக்கச் சொன்னது யார்? முதலாளிதானே! நான் போட்ட கூச்சலில் ஆற்றில் முளைப்பாரி கரைத்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். செல்லப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வில்வண்டிக்குப் போனார். "முதலாளி, ஆவணியில வாங்க!" என்று கத்தினேன். மொத்தப் பொட்டலும் சிரித்தது.

மலைச்சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு, கோப்பையோடு எங்கள் பக்கம்தான் வந்தார்கள். சுருளிவேல் எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. சின்னப் பிள்ளைபோல அவன் கை கோப்பையை நோக்கி நீண்டது. கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு தாண்டிப் போய்விட்டது. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். என் வயிற்றெரிச்சல் அப்போதுதான் அடங்கியது என்று நினைத்தேன்.

இன்னும் பாக்கி இருந்ததை ராஜாத்தி செய்தாள். கூடையிலிருந்து ஒரு இலை நிறையச் சுண்டல் அள்ளி, அந்த நீட்டிய கையில் வைத்தாள்.

"எங்க வீட்டு உலையில வெந்ததுதான். ஆட்டம் முடிஞ்சிருச்சு, இனிச் சாப்பிடலாம்" என்றாள். அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். ஏதோ கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பான்போல, லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான்.

"சாப்பிடுங்கண்ணே" என்றாள் ராஜாத்தி.