கூண்டுக்குள் குளோரைடு

கணவரின் விரலில் இருந்த ஆரஞ்சுக் கறையை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நேற்று ஆய்வுக்கூடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உயிரை விட்டவர். கறை போவதாக இல்லை. அப்போதுதான் உள்ளறையில் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் தம்பி காதருகே குனிந்தான். "அக்கா, அந்த நெட்டை உள்ள எதையோ குடையறான். துக்கம் கேக்க வந்த ஆளுக்கு டிராயர்ல என்ன வேலை?"

நெட்டை, பன்னிரண்டு வருடமாகக் கணவரோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவர். அவள் எழுந்து போனாள்.

"என்ன தேடறீங்க?"

"நோட்டு, அண்ணி. நீல அட்டை போட்டது."

"இப்பவேவா? அவரு இன்னும் வாசலைக்கூடத் தாண்டல."

நோட்டு பீரோவில், துணிகளுக்கு அடியில் இருந்தது. காலையில் அதைக் கேட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து மூன்று முறை போன் வந்ததுமே ஒளித்துவிட்டாள்.

அந்த வேலை அவளுக்குத் தெரியாததல்ல. சாப்பிட உட்கார்ந்தால் போதும், டீ வடிகட்டியைக் கவிழ்த்து வைத்துப் பாடம் எடுப்பார். உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்து கட்டிய, கண்ணுக்குத் தெரியாத கூண்டு. அது மூடிக்கொள்ளும்போது உள்ளே ஓர் அயனி மாட்டிக்கொள்ளும். வெளிச்சம் பட்டால் கூண்டு சாயத்தை வெளுக்கவைக்கும்; எவ்வளவு வேகமாக என்பது உள்ளே மாட்டிய ஆளைப் பொறுத்தது. புரோமைடு மாட்டினால்தான் வேகம் என்று இருவர் பெயரிலும் போன மாதம் கட்டுரை வந்தது.

"கட்டுரை தப்பு அண்ணி. உப்பு பாட்டில் மாறிப்போச்சு. அந்தக் கூண்டுக்குள்ள இருக்கிறது குளோரைடு. முந்தாநேத்துதான் கண்டுபிடிச்சோம். யார் மாத்தி எடுத்ததுன்னு மேல கேப்பாங்க."

"ஓஹோ! செத்தவர் தலையில கட்டிடலாம்னு பாக்கறீங்க. எழுந்து வந்து இல்லைன்னா சொல்லப்போறாரு?"

அவர் மறுபடி இழுப்பறைப் பக்கம் திரும்பினார். அவளுக்கு அதுவே போதும். பீரோவைத் திறந்தாள்.

"வாங்க, ரெண்டு பேருமே பாப்போம்."

கடைசிப் பக்கம். முந்தாநாள் தேதி. கணவரின் சாய்ந்த எழுத்து: 'பாட்டிலை மாற்றி எடுத்தது நான். அவனுக்கு இதில் பங்கில்லை.'

அந்த வரியை அவள் மறுபடியும் படித்தாள்.

"இப்படி எழுதிட்டேன்னு அண்ணன் போன்ல சொன்னாரு," என்றார் நெட்டை. "இதைக் கிழிக்கத்தான் வந்தேன். எடுத்தது நான். காலையில டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

அவர் முகத்தையே பார்த்தாள். "ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க."

அவள் நோட்டை நீட்டினாள். அவர் அந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தார், கிழிக்காமல் பிடித்தபடியே நின்றார்.

"அக்கா, வண்டி வந்தாச்சு! தூக்க ஆள் வேணும்!"

"போங்க," என்றாள் அவள். "நீங்க தலைப்பக்கம் பிடிங்க."

நெட்டை நோட்டைத் திறந்தபடியே மேசையில் வைத்துவிட்டு, நிலைப்படியில் இடிக்காமல் குனிந்து வெளியே போனார்.