ராயக்கோட்டை வழியாகக் கப்பலுக்கு

ராஜலட்சுமி கப்பல் ஏறப் போகிற சேதி மூக்கண்டப்பள்ளியில் தெரியாத ஆள் கிடையாது. தெரியாமல் இருக்க அவள் விட்டால்தானே. பால் வாங்கின இடத்தில் சொன்னாள், ரேஷன் வரிசையில் சொன்னாள், குழாயடியில் தினமும் ஒரு தரம் புதிதாகச் சொன்னாள். பக்கத்து வீட்டு சரசம்மா வயிற்றெரிச்சலில், "கப்பல்ல வாந்தி வருமாமே?" என்று கேட்டுவைத்தாள். "அது பழக்கமில்லாதவங்களுக்கு வரும்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், கடலையே கண்ணால் பார்த்திராத இந்த மகராசி.

கப்பல் வந்த கதை இதுதான். அவள் புருஷன் தங்கதுரை, வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடிக்கிற ஒரு கம்பெனியில் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் ஆபரேட்டர். தெற்கத்தி ஆள், பிழைக்க வந்து ஓசூரிலேயே தங்கிவிட்டவன். யூனியன் செயலாளரும் அவன்தான். முதலாளி மெஷின்களையெல்லாம் கழற்றி வடக்கே கொண்டுபோகப் போகிறான், அங்கே வரிச்சலுகையாம், என்று பேச்சுக் கிளம்பியதிலிருந்து தொழிலாளிகள் கேட்டுக்கு வெளியே ஒரு பந்தல் போட்டு முறைவைத்துக் காவல் காத்தார்கள். மெஷின் உள்ளே இருக்கிறவரை வேலை உண்டு. மெஷின் கேட்டைத் தாண்டினால் அத்தனை வீட்டு அடுப்பிலும் பூனை தூங்கும். எல்லோரையும் விட அதிகமாகக் காவல் இருந்தவன் தங்கதுரை. அவனுக்கு அடுத்தபடி அவன் மச்சினன் சம்பங்கி. ராஜலட்சுமியின் கூடப்பிறந்த தம்பி. மாமா வாங்கிக் கொடுத்த வேலை என்பதால் மாமா சொன்னால் அவனுக்கு மறுபேச்சே கிடையாது.

ஆயுத பூஜைக்கு அந்தக் கம்பெனியில் வருஷாவருஷம் குலுக்கல் உண்டு. எவர்சில்வர் குடம், மிக்சி, கிரைண்டர் என்று விழும். இந்த வருஷம் முதல் பரிசு கொச்சியிலிருந்து கப்பல். புருஷன் பெண்டாட்டியாக லட்சத்தீவைச் சுற்றிவிட்டு வரலாம். பூஜை லீவிலேயே போய்வர வசதியாக இருக்கட்டும் என்று குலுக்கலையும் முன்கூட்டியே வைத்தார்கள். எச்.ஆர். அதிகாரி அஸ்வின், "உங்க ஆளே எடுக்கட்டும், அப்புறம் எங்களைக் குறை சொல்லக்கூடாது" என்று சிரித்துக்கொண்டே டப்பாவை நீட்டினான். கையை விட்டது சம்பங்கி. மாமா பெயரைப் படித்ததும் அவன் போட்ட ஆட்டத்தில் மேஜையே கவிழப் பார்த்தது. தங்கதுரை முதலில் மாட்டேன் என்றான். பந்தலை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றான். எல்லோரும் சேர்ந்து அவனைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார்கள்.

அவன் பஸ்ஸில் சேலம் போய் அங்கிருந்து எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம் என்றான். ராஜலட்சுமி ஒற்றைக் காலில் நின்றாள், பாசஞ்சர்தான் வேண்டும் என்று. பாசஞ்சர் ராயக்கோட்டையில் நிற்கும். அது அவள் ஊர். சம்பங்கியின் பெண்டாட்டி வினிதா பிரசவம் முடிந்து அங்கே தாய்வீட்டில்தான் இருந்தாள். கப்பலுக்குப் போகிறவளை ஊர்க்காரர்கள் நாலு பேர் சன்னலோரம் நின்று பார்க்காவிட்டால் அப்புறம் அது என்ன கப்பல்?

பூஜையன்று காலை குடும்பங்களையும் உள்ளே விட்டார்கள். நாலாம் நம்பர் பிரஸ்ஸை ராஜலட்சுமியே துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, குங்குமம் வைத்தாள். மாலை கட்டும்போது சாமந்தி பாதியில் தீர்ந்துபோனது. தன் தலைக்கென்று வாங்கி வைத்திருந்த கனகாம்பரத்தைப் போட்டு மீதியைக் கட்டி முடித்தாள். முதலாளியே கற்பூரம் காட்டினார். மெயின் சுவிட்சை இறக்கினார்கள். இனி மறுநாள் விஜயதசமிக் காலையில் மறுபூஜை போடுகிறவரை அங்கே ஒரு ஸ்பேனரைக்கூட யாரும் தொடமாட்டார்கள். குடித்துவிட்டு வருகிறவன்கூடத் தொடமாட்டான். அந்த மட்டுக்கும் அத்தனை பேருக்கும் பயம் உண்டு.

பந்தலில் அன்றைக்கு யார் உட்காருவது என்று பேச்சு வந்தபோது தங்கதுரைதான் சொன்னான். "பூஜை போட்ட மெஷினை எவன்ய்யா தொடுவான்? ரெண்டு மாசமா பிள்ளைகுட்டி முகத்தைப் பாக்காம கெடக்கீக. இன்னிக்கு ஒருநா வீட்டுக்குப் போங்க. காலையில மறுபூஜைக்கு வந்தாப் போதும்." அவன் சொன்னால் சரியாக இருக்கும். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எல்லோரும் போனார்கள்.

சாயங்காலம் நாலு மணிப் பாசஞ்சரில் கடைசிப் பெட்டியில் சன்னலோரமாக இடம் கிடைத்தது. ராஜலட்சுமிக்குக் கால் தரையில் பாவவில்லை. பையில் புதுச் சேலை, அவனுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி, வாந்தி வந்தால் சப்ப எலுமிச்சம்பழம். எதிரே இருந்த கன்னடத்து அம்மாளுக்குப் பாதிக் கன்னடத்திலும் பாதிக் கைஜாடையிலும் கப்பலைச் சொல்லி முடித்தபோது வண்டி கெலமங்கலத்தில் நின்றது. எதிரே ஏதோ எக்ஸ்பிரஸ் வரவேண்டுமாம். கடைசிப் பெட்டி பிளாட்பாரத்துக்குள் வராமல் லெவல் கிராசிங்கை மறித்துக்கொண்டு நின்றுவிட்டது. கேட்டுக்கு அந்தப்பக்கம் வண்டிகள் வரிசையாகக் காத்துக் கிடந்தன.

முன்னால் ஒரு வெள்ளைக் கார். அதன் பின்னால் மூன்று பெரிய டிரெய்லர் லாரிகள். முதல் லாரியின் தார்ப்பாய் ஒரு பக்கம் காற்றில் கழன்று படபடத்தது. உள்ளே விபூதிப் பட்டை தெரிந்தது. மாலை தெரிந்தது. பாதி சாமந்தி, பாதி கனகாம்பரம். மெஷினைப் பெயர்த்த கூலிக்காரர்களுக்கும் சாமி மாலையைக் கழற்ற மனசு வரவில்லை போலிருக்கிறது.

"என்னாங்க! நம்ம பிரஸ்ஸு!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நம்ம நாலாம் நம்பருங்க! எடுத்துட்டுப் போறாங்க பாருங்க!"

வெள்ளைக் காரின் முன்சீட்டில் இருந்தவன் தலையைத் தூக்கி ரயிலைப் பார்த்தான். அஸ்வின். சன்னலில் தங்கதுரையைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. போய்ட்டு வாங்க என்கிற மாதிரி கையை ஆட்டினான். தங்கதுரையின் கையும் பாதிவரை எழுந்தது. எழுந்த கையாலேயே சன்னல் பலகையை இழுத்து இறக்கினான்.

ராஜலட்சுமி இறங்கின பலகையை விட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மெதுவாப் பேசு."

"தெரியுமா?"

"எப்படியும் மூடத்தான் போறாக. பந்தல்ல உக்காந்தா மட்டும் நிக்கப்போகுதா?" அவன் குரலில் கோபம்கூட இல்லை. "அங்கன எனக்கு சூப்பர்வைசர் வேலை. குவார்ட்டர்ஸ் உண்டு. எல்லாரும் முங்குறதுக்கு நாம ரெண்டு பேராச்சும் கரையேறுவோம்னு பாத்தேன்."

"எந்தம்பி?"

"சின்ன வயசு. எங்கன போனாலும் பொழச்சுக்குவான்."

"அவன் கையாலதானே சீட்டெடுக்க வெச்சீங்க?"

"எவன் எடுத்திருந்தாலும் எம்பேருதான் வந்திருக்கும். டப்பாவுல வேற பேரே கெடையாது." சட்டைப் பையிலிருந்த செல்போனை எடுத்து அவள் மடியில் வைத்தான். "இந்தா, பேசு. நான் தடுக்கலை. பைக்கைப் போட்டுக்கிட்டு வந்துருவானுக. கேட்டு மூடித்தான் கெடக்கு, லாரி எங்கயும் போயிறாது. ஆனா நாளைக்கே என்னைய வெட்டிப் போட்டுருவானுக. மொத வெட்டு உந்தம்பிதான் வெட்டுவான். கப்பல் கப்பல்னு தெருவெல்லாம் சொன்னது யாரு, நானா? உன் ஆசைக்கும் சேத்துத்தான் தலையாட்டுனேன். பேசு."

அவள் போனை எடுத்தாள். சம்பங்கியின் நம்பர் அவளுக்கு மனப்பாடம். புருஷனை வெட்டுவார்கள் என்பது பயமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். அவள் கண்ணில் முதலில் வந்து நின்றது புருஷனும் இல்லை, தம்பியும் இல்லை. பெட்டியோடு மூக்கண்டப்பள்ளிக்குத் திரும்பி நடக்கும்போது வாசலில் நிற்கப்போகும் சரசம்மாவின் முகம். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று அவளுக்கே தோன்றியது. தோன்றியும் விரல் நகரவில்லை.

எக்ஸ்பிரஸ் இரைந்துகொண்டு போனது. பாசஞ்சர் நகர்ந்தது. பின்னால் கேட் திறக்கிற மணிச் சத்தம் கேட்டது. தங்கதுரை போனை அவள் கையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

இன்னும் ஒரு வழி இருந்தது. அது அவளுக்கும் தெரியும். பெரிய ரோட்டில் போனால் யார் கண்ணிலாவது படும் என்றுதான் லாரிகள் இந்த உள்ரோட்டில் வந்திருக்கின்றன. கிருஷ்ணகிரி போய் வடக்கு ரோட்டைப் பிடிக்க அவை ராயக்கோட்டைக் கடைவீதிக்குள் நுழைந்தே ஆகவேண்டும். வினிதாவின் அப்பா வெங்கடசாமிக்கு அங்கே தக்காளி மண்டி. அவர் ஒரு குரல் கொடுத்தால் மூட்டை தூக்குகிற ஆட்கள் அத்தனை பேரும் ரோட்டில் வந்து நிற்பார்கள். வினிதாவின் காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும்.

ராயக்கோட்டையில் வினிதா கைக்குழந்தையோடு பிளாட்பாரத்தில் காத்திருந்தாள். வாயெல்லாம் பல். அவளோடு ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள், ராஜலட்சுமி ஆசைப்பட்டபடியே. பலகையைத் தூக்கிப் பாதி முகத்தைக் காட்டினாள்.

"இந்தாங்கண்ணி, பூஜைப் பொரி. கடலை, வெல்லமெல்லாம் போட்டிருக்கேன்." பொட்டலம் உள்ளே வந்தது. "அவரு இப்பத்தான் போன் பண்ணாரு. மாமாதான் வீட்டுக்குப் போகச் சொன்னாரு, ரெண்டு மாசத்துல இன்னைக்குத்தான் நல்லாத் தூங்கி எந்திரிச்சேன்னு சொன்னாரு. மாமா, உங்களைச் சொல்லித்தான் பெருமையாப் பேசறாரு."

தங்கதுரை சிரித்தான். "குழந்தைக்கு ஒடம்பு எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்கு மாமா. அண்ணி, கடல்ல இருந்து இவனுக்கு ஒரு பால்சங்கு வாங்கிட்டு வருவீங்களா? இங்க கடையில எல்லாம் பிளாஸ்டிக்குதான் கெடைக்குது." குழந்தையைச் சன்னல் கம்பியருகே தூக்கிக் காட்டினாள். அது ராஜலட்சுமியின் விரலைப் பிடித்துக்கொண்டது. "ஏன் அண்ணி, மொகம் ஒருமாதிரி இருக்கு?"

கார்டு விசில் ஊதினான். ராஜலட்சுமி வாயைத் திறந்தாள். பக்கத்தில் தங்கதுரை அவளைப் பார்க்கவே இல்லை. கறுப்புக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்ல வினிதா. வெயில்" என்றாள். "நல்ல சங்கா பாத்து வாங்கிட்டு வரேன்."

குழந்தையின் விரலை அவளேதான் பிரித்து எடுத்தாள். வண்டி நகர்ந்தது. ஊர்ப் பெண்கள் கையாட்டினார்கள், அவளும் ஆட்டினாள். பிளாட்பாரம் தாண்டியதும் வீடுகளுக்கு நடுவே கடைவீதி தெரிந்தது. மண்டி வாசலில் வெங்கடசாமி பூசணிக்காய் உடைத்த இடத்தைக் கூட்டச் சொல்லி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார், ரோடு காலியாகக் கிடந்தது, லாரிகள் இன்னும் வந்து சேரவில்லை.

தங்கதுரை பலகையை முழுசாக மேலே தூக்கிவிட்டான். "இனிமே காத்து வரட்டும்" என்றான். பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் நீட்டினான். காலையிலிருந்து விரதம் இருந்தவள் அவள். ஒரு பிடி அள்ளினாள். பொரி மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது.

"கப்பல் ரொம்பப் பெருசா?" என்று எதிரே இருந்த கன்னடத்து அம்மாள் கையை விரித்துக் கேட்டாள்.

"ரொம்பப் பெருசு" என்றாள் ராஜலட்சுமி.