இரண்டு எவரிஸ்தோக்களும் ஒரு சவப்பெட்டியும்

எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான். எக்ஸ்போசிதோ. அப்பா வழிப் பெயரும் அதுவே, அம்மா வழிப் பெயரும் அதுவே. நான் எவுலாலியா எக்ஸ்போசிதோ எக்ஸ்போசிதோ, ஊருக்கு லாலாக்கா. ஒருமுறை நகரத்து வங்கியில் ஒரு பெண், "ரெண்டு தடவை எழுதிட்டீங்கம்மா" என்று ஒன்றை அடிக்கப் போனாள். "அதை அடிச்சா எங்கம்மா இல்லாமப் போயிடுவா, அப்படியே வையி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எக்கேடோ கெடட்டும் என்று வந்துவிட்டேன்.

அந்தப் பெயருக்கு 'வெளியே வைக்கப்பட்டவன்' என்று அர்த்தம். ஸ்பெயின்காரன் ஆண்ட காலத்தில் நகரத்து அநாதை மடத்துச் சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. பிள்ளை வேண்டாம் என்கிறவள் தெருப்பக்கமிருந்து அதில் குழந்தையை வைத்து, திருப்பி விட்டுவிட்டுப் போய்விடுவாள். உள்ளே கன்னியாஸ்திரி எடுத்துக்கொள்வாள். தாய் யார், தகப்பன் யார் என்று தெரியாததால் எல்லாக் குழந்தைக்கும் அந்த ஒரே பெயரை எழுதினார்கள். ஸ்பெயினிலும் கூபாவிலும் அர்ஜென்டினாவிலும்கூட இதே பெயர்க்காரர்கள் ஏராளமாம். பிள்ளையை வெளியே வைப்பதற்கு எந்தச் சீமையிலும் பஞ்சமில்லை போலிருக்கிறது.

மற்ற ஊர்களில் கையில் கொஞ்சம் காசு புரண்டதும் பெயரை மாற்றிக்கொண்டார்கள். எங்கள் கதை வேறு. இங்கே இருந்த பண்ணையார் தரிசு நிலத்தைத் திருத்த ஆள் கிடைக்காமல், மடத்துப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அவர்கள் வளர்ந்து தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள். ஊரே எக்ஸ்போசிதோ என்றால் யாரைப் பார்த்து யார் வெட்கப்படுவது? இப்போது மண் காய்ந்துவிட்டது. ஆண்களெல்லாம் எல்லை தாண்டி வடக்கே போய்விட்டார்கள். டல்லாஸில் ஒரு தெருவில் பாதி வீட்டு வாசலில் எங்கள் பெயர்தான் தொங்குகிறது என்கிறார்கள். இங்கே இருப்பதைவிட அங்கேதான் நாங்கள் அதிகம்.

குடும்பப் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாததால் எங்களுக்குப் பட்டப்பெயர்தான் எல்லாம். சேவல் வீடு, சுண்ணாம்பு வீடு, செவிடன் வீடு. ஞானஸ்நானப் பெயரைச் சொன்னால் பெற்றவளுக்கே ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும். என் மளிகைக் கடையில்தான் ஊருக்கான ஒரே தொலைபேசி இருந்தது. கூரையில் ஒலிபெருக்கி. வடக்கிலிருந்து அழைப்பு வந்தால் நான் மைக்கைப் பிடித்து, "ஓணான் வீட்டு ஒப்துலியா, உனக்கு ஃபோன், அடுப்பை அணைச்சிட்டு ஓடி வா" என்று கத்துவேன். அவள் ஓடி வருவதற்குள் மறுபடி மணி அடிக்கும்.

ஓணானும் தவளையும் ஒன்றாகத்தான் வடக்கே போனார்கள். இரண்டு பேருக்கும் எவரிஸ்தோ என்றுதான் பெயர். நீளக் கழுத்துக்காரன் ஓணான், ஒப்துலியாவின் புருஷன். தொண்டை கட்டினாற்போலப் பேசுகிறவன் தவளை, எர்மினியாவின் புருஷன். தவளை ஞாயிறு தவறாமல் கூப்பிடுவான். ஓணான் முதலில் மாதம் ஒருமுறை கூப்பிட்டான், பிறகு பண்டிகைக்குப் பண்டிகை, அப்புறம் அதுவும் இல்லை. ஒப்துலியா ரொட்டி வாங்க வருகிற சாக்கில் தொலைபேசியைப் பார்த்துவிட்டுப் போவாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு நாள் வடக்கிலிருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டார். தொழிலாளிகள் தங்கியிருந்த தகரக் கூண்டு வீடு எரிந்துபோய் ஓர் ஆள் இறந்துவிட்டான். காகிதம், அட்டை எல்லாம் சாம்பல். பக்கத்து வயலில் வேலை செய்த ஒருவன்தான் பெயரும் ஊரும் சொன்னானாம். எவரிஸ்தோ எக்ஸ்போசிதோ எக்ஸ்போசிதோ.

"எந்த எவரிஸ்தோங்க?" என்றேன்.

"எவரிஸ்தோ எக்ஸ்போசிதோங்கறேன்ல? எத்தனை பேர் இருப்பாங்க?" என்றார் அவர்.

நான் என்னத்தைச் சொல்ல. சொன்னவன் வெளியூர்க்காரன். 'தவளை' என்றோ 'ஓணான்' என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் வடக்கே போனதும் எங்கள் ஆண்கள் பட்டப்பெயரை விட்டுவிடுகிறார்கள். அங்கே ஓணான் என்று கூப்பிட்டால் கௌரவக் குறைச்சலாம்.

இரண்டு பெண்களையும் ஒலிபெருக்கியில் ஒன்றாகக் கூப்பிட்டேன். அன்றைக்கு என் குரல் நடுங்கியதை ஊரே கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் எர்மினியா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "எங்க வீட்டுக்காரரு இல்ல. அவரு எடம் மாறப் போறேன்னு போன வாரம்தானே சொன்னாரு? புது எடத்துல ஃபோன் இருக்காது. ஞாயித்துக்கெழமை கூப்பிடுவாரு பாருங்க" என்றாள். ஒப்துலியா தோளில் கிடந்த துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஆணி அடித்த பெட்டி வந்தது. திறக்கக்கூடாது என்று எழுதியிருந்தது. திறந்தாலும் பார்க்க ஒன்றும் இருக்காது என்று ஓட்டுநர் என் காதோடு சொன்னார். "எந்த வீட்டுல எறக்கணும்?" என்று அவர் கேட்டார். ஒப்துலியா முன்னால் வந்தாள்.

"எங்க வீட்டுல" என்றாள்.

ஊருக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒரு வருஷமாகக் கூப்பிடாதவன் செத்தவனாகத்தானே இருக்க முடியும்? ஒன்பது நாள் ஜெபமாலை நடந்தது. காபியும் இனிப்பு ரொட்டியும் கொடுத்தார்கள். கல்லறையில் பெயரை முழுதாக வெட்டினார்கள். எர்மினியா மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. பெட்டியின் பின்னால் நடந்தால் தன் புருஷன் உயிருக்கே ஆபத்து என்பதுபோலக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு மதியம் தவறாமல் என் கடைக்கு வந்து தொலைபேசிக்கு எதிரில் இருக்கிற பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாள். நல்ல உடுப்பு, வாரிய தலை. மணி அடித்தால் எழுந்து நிற்பாள். வேறு யாருக்கோ என்று தெரிந்ததும் உட்காருவாள். முதல் வருஷம் ஊர் பரிதாபப்பட்டது. இரண்டாவது வருஷம் கேலி செய்தது. "தவளை அங்க ஒரு வெள்ளைக்காரியப் புடிச்சிருக்கும்" என்று சேவல் வீட்டுக்காரன் அவள் காதில் விழவே சொன்னான். அவனுக்கு அன்றைக்கு நான் கடன் சாமான் தரமாட்டேன் என்று விரட்டினேன். ஒப்துலியாவுக்கோ ஊரில் மரியாதை கூடிப்போயிற்று. கறுப்பு உடுப்பில் அவள் கோயிலுக்குள் நுழைந்தால் முன்வரிசையில் இடம் விடுவார்கள். புருஷன் கைவிட்டவள் என்று அதுவரை பின்னால் பேசிய அதே வாய்கள்தான்.

மூன்றாவது வருஷம், செத்தவர்களுக்குப் பிடித்ததைக் கல்லறையில் வைத்துப் படைக்கிற இறந்தவர் நாளுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஞாயிறன்று தொலைபேசி மணி அடித்தது. எர்மினியா எழுந்து நின்றாள். நான் எடுத்தேன்.

"லாலாக்கா? நான்தான்."

குரல் எனக்குத் தெரிந்த குரல்தான். லைன் இரைச்சலில் யாருடையது என்பதுதான் உடனே பிடிபடவில்லை. "யாருப்பா?" என்றேன்.

"எவரிஸ்தோ பேசறேன்."

"எவரிஸ்தோவா?" என்று என் வாய் சத்தமாகக் கேட்டுவிட்டது.

அவ்வளவுதான். எர்மினியா மேசையைச் சுற்றி வரக்கூட இல்லை. மேலே ஏறிப் பாய்ந்தாள். ஊறுகாய் ஜாடி ஒன்று விழுந்து உடைந்தது. தொலைபேசியை என் கையிலிருந்து பிடுங்கி, "வந்துட்டீங்களா! எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்!" என்று சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் சிலுவை போட்டுக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷம் கடவுள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

பிறகு அவள் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. தொலைபேசி கொஞ்சம் இறங்கியது. உள்ளேயிருந்து பேச்சு எனக்கே கேட்டது.

"எர்மினியாவா? ஐயோ, நீ அங்க இருப்பேன்னு தெரியாது. நான் ஓணான். தவளை போனதுக்கு நான் ஒரு வார்த்த கூட உன்கிட்ட... நான் அதுக்கு மொத வாரம்தான் அங்கேர்ந்து கெளம்பினேன். நல்லா அடக்கம் பண்ணினீங்களா அவன?"

எர்மினியா தொலைபேசியை மேசையில் வைத்தாள். நான் எடுத்தேன்.

"டேய் ஓணான். நீ உசிரோடயா இருக்க?"

"ஆமா லாலாக்கா. இப்பத்தான் நம்ம ஊர் ஆளு ஒருத்தன் சொன்னான், எனக்கு அங்க கல்லறை இருக்குன்னு. கேட்டதும் சிரிப்பு வந்துடுச்சு. தவளைன்னு உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"எங்கடா தெரியும்? பெட்டிக்குள்ள என்ன தவளையா கத்தும்?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது அப்படியே இருக்கட்டும் லாலாக்கா. இங்க எனக்கு ஒருத்தி இருக்கா. ரெண்டு பிள்ளைங்க. ஒப்துலியாகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றான்.

"நீ உருப்படவே மாட்டடா" என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தால் எர்மினியா இல்லை. கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினேன். அவள் ஓடவில்லை, நடந்தாள். ஆனாலும் என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

ஒப்துலியா கொல்லையில் உட்கார்ந்து கல்லறைக்காகச் செண்டுமல்லி கட்டிக்கொண்டிருந்தாள். எர்மினியா அவளுக்கு எதிரில் போய் நின்றாள்.

"உன் புருஷன் கூப்பிட்டாரு. உசிரோட இருக்காரு. அங்க இருக்கறது என்னோட ஆளு. எனக்குக் குடுத்துடு."

ஒப்துலியா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் பூவைக் கீழே வைக்கவில்லை.

"யாரோட இருக்காரு?" என்று கேட்டாள்.

முதல் கேள்வி அதுதான். எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்றெல்லாம் இல்லை. நான் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ரெண்டு பிள்ளையா" என்றாள். இவளுக்குப் பிள்ளை இல்லை.

அப்புறம் எர்மினியாவைப் பார்த்தாள். "எடுத்துக்கோ. நான் வேண்டாங்கல. நாளைக்கே லாலாக்கா மைக்குல சொல்லட்டும். அது தவளைதான், ஓணான் வேறொருத்தியோட குடித்தனம் நடத்துறான்னு. அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வெளிய வருவேன்? மூணு வருஷமா நான் அழுதேனே, அதை யார்கிட்டப் போய்த் திருப்பிக் கேப்பேன்? நீ ஒரு சொட்டு அழுதியா? பெட்டி போனப்ப கதவையாச்சும் தெறந்தியா? மண்ணு அள்ளிப் போட்டது நான். அவருக்குன்னு அழுத ஒரே ஆளு நான்தான்டி."

எனக்கு ஒப்துலியாவை அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

எர்மினியா வெகுநேரம் பூக்குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஒவ்வொரு வருஷமும் அவருக்கு என்ன வச்சுப் படைச்ச?"

"சாராயம், சிகரெட்டு. காரமா பன்னிக்கறி. ஓணானுக்குப் புடிச்சது."

"அவரு சிகரெட்டு தொடமாட்டாரு. புகை பட்டாலே தொண்டை அடைச்சிக்கும். காரமும் ஆகாது." அவளுடைய உதடு கோணியது. "மூணு வருஷமா பட்டினியா போயிருப்பாரு."

ஒப்துலியா அப்போதுதான் அழுதாள். முதல் தடவையாக அவள் அழுவதை நான் பார்க்கிறேன் என்று தோன்றியது. ஜெபமாலையில் அழுததெல்லாம் வேறு அழுகை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன புடிக்கும், சொல்லு. இந்த வருஷத்துலேர்ந்து அதையே வைக்கறேன்" என்றாள்.

எர்மினியா 'வேண்டாம், நானே வைக்கிறேன், அது என் உரிமை' என்று கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் அவள் பக்கம் நின்றிருப்பேன். மைக்கையும் பிடித்திருப்பேன். அவள் ஒப்துலியாவின் கறுப்பு உடுப்பைப் பார்த்தாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"பூசணிக்கா வெல்லப்பாகுல வேகவச்சது. பட்டை நெறையப் போடணும். சோளக் கஞ்சி, ரொம்பச் சூடு கூடாது. ஊதி ஊதித்தான் குடிப்பாரு."

"பூசணிக்கா தோலோடயா?"

"தோலோட."

நான் கடைக்குத் திரும்பிவிட்டேன். உடைந்த ஜாடியைப் பெருக்கித் தள்ளினேன். யாரிடமும் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டியவள் எர்மினியா, அவள் சொல்லவில்லை. இறந்தவர் நாளன்று ஒப்துலியாவின் புருஷன் கல்லறையில் சிகரெட் இல்லை, பூசணிக்காய் இருந்தது. செவிடன் வீட்டுக்காரி மட்டும், "ஓணான் எப்போலேர்ந்து இனிப்பு திங்க ஆரம்பிச்சான்?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு மதியம் கடையில் நான் தனியாக இருந்தேன். எர்மினியா வந்தாள். அதே நல்ல உடுப்பு, வாரிய தலை. எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னும் எதுக்குடி இங்க வர? எந்திரிச்சுப் போ. இனிமே யாரு உன்னைக் கூப்பிடப் போறா?"

"தெரியும் லாலாக்கா."

"தெரிஞ்சும் ஏன் வந்த? அவரு இருக்கற எடத்துலயாச்சும் போய்க் கொஞ்ச நேரம் உக்காரலாம்ல?"

அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"போனேன். அங்க ஒப்துலியா உக்காந்திருக்கா" என்றாள்.