பாதிக்கப்பட்டோர் வரிசை

ஷிகெனோ மடக்கு நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கிவந்து ஆற்றங்கரையில் விரித்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். நினைவுக்கல் திறப்பு விழா. குண்டு விழுந்து ஏழு வருஷம் கழித்துப் பேட்டை அமைதிக் குழுவுக்குத் துக்கம் பொங்கியிருந்தது.

யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று மேஸ்திரி ஒபாட்டா பார்த்துக்கொண்டே நின்றான். குண்டின் மின்னலில் சிக்கிப் பிழைத்தவர்களை அவன் வேலைக்கு எடுப்பதில்லை. மத்தியானத்துக்குள் துவண்டு விழுவார்களாம். சேரவரும் எல்லாரிடமும் ஒரே கேள்வி: "அன்னிக்குக் காலைல எங்க இருந்தே?" கூட நாற்காலி தூக்கும் ஹிசாகிச்சி ஒசாகாவில் இருந்தானாம். ஷிகெனோ மலைக்கு அந்தப்பக்கம், தங்கை பிரசவத்துக்கு. இவர்களை நம்பினால் அன்று ஹிரோஷிமாவில் ஈ காக்கை கிடையாது.

ஒபாட்டா நம்பவில்லை. பொய் சொல்கிற ஆளைப் பிடிக்கத்தான் வழி தெரியவில்லை.

குழுச் செயலாளர் வியர்த்து ஓடிவந்தார். முன்வரிசையில் 'பாதிக்கப்பட்டோர்' நாற்காலிகள் பாதி காலி. பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

"மேஸ்திரி, உங்க ஆளுங்கள்ல குண்டுல பாதிக்கப்பட்டவங்க யாராவது உண்டா?"

"கேட்டுப் பாருங்களேன்," என்றான் ஒபாட்டா, அன்பாக. அந்த அன்பைக் கண்டதும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"எந்தக் குண்டுங்க?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சரி சரி, சும்மா வந்து உக்காருங்க. பாதிக்கப்பட்ட மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டாப் போதும்."

"அது எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதுங்களே," என்றாள் ஷிகெனோ.

செயலாளர் உதட்டைப் பிதுக்கித் தலையைச் சாய்த்து நடித்துக் காட்டினார்.

உட்கார்ந்தார்கள். ஹிசாகிச்சியின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இதே கரையில்தான் தண்ணீர் கேட்டுக் கேட்டுச் செத்தார்கள். அது ஷிகெனோவுக்கு மட்டும் தெரியும். அவள் சட்டைக் கைக்குள் தோல் எப்படிச் சுருண்டிருக்கிறது என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

"அக்கா, இது நமக்கு வெச்ச பொறியா?"

"பின்னே? ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டே, நாளைக்கு வேலை இல்ல. கல்லு மாதிரி உக்காரு."

குழுத் தலைவர் மைக்கைத் தட்டினார். மனிதகுலத்தில் ஆரம்பித்து, தன் குழுவின் உழைப்பு வழியாக, மெதுவாக இறந்தவர்களிடம் வந்து சேர்ந்தார். மணி அடித்தது. எல்லாரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள். ஒபாட்டா மூடவில்லை. மேடைக்குக் கீழே வந்து நின்று வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவந்தான்.

ஹிசாகிச்சியின் தோள் குலுங்கத் தொடங்கியது. ஷிகெனோ அவன் தொடையில் நகம் பதியக் கிள்ளினாள்.

"என் சின்னவன், அக்கா..."

"உனக்குப் புள்ளையே கெடையாது. நீ ஒசாகாவுல இருந்தே."

அவன் தலையாட்டினான்.

பின்னாலிருந்து ஒரு புகைப்படக்காரர் இன்னும் குனியச் சொல்லி இருவர் முதுகிலும் தட்டினார். மேடையில் தலைவர் அழுதுகொண்டிருந்தார். இவர்கள் தலை படத்தை மறைத்தது.